பாட்டியையும் கூப்பிடுங்கள்

பேச்சு வராத பிள்ளை, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாத பிள்ளை, நாலு வயதாகியும் கைப்பிடிக்காமல் படியேற முடியாத பிள்ளை. இவர்களைப் பற்றி இந்தப் பகுதிக்கு வழக்கமாக வரும் கேள்வி "எந்த டாக்டரிடம் போகலாம்?" என்பதுதான். இம்முறை வேறு மாதிரி. வீட்டாருக்குப் பயிற்சி நடத்த நினைப்பவர்களும், அப்படி ஒரு பயிற்சியில் உட்கார்ந்து பாதியில் எழுந்து போனவர்களும் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்ததால் ஒரே இதழில் சேர்த்துப் பதில் சொல்கிறோம்.

கேள்வி: உலகச் சுகாதார நிறுவனம் உருவாக்கிய பெற்றோர் பயிற்சியை எங்கள் கோயில் சேவைக்குழு தமிழில் நடத்த விரும்புகிறது. மண்டபம் நாலு ஞாயிறு மட்டுமே கிடைக்கும். ஒன்பது வகுப்பை நாலாகச் சுருக்கலாமா?
— சேவைக்குழு உறுப்பினர், செந்தூல்

பதில்: மண்டபத்தை விடுங்கள், வகுப்பை விடாதீர்கள்.

வாசகர்களுக்காக ஒரு வரி: அந்தப் பயிற்சி, வளர்ச்சித் தாமதமோ குறைபாடோ உள்ள 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் வீட்டாருக்கானது. 9 குழு வகுப்புகள், 3 வீட்டு வருகைகள். நிபுணர் அல்லாதவர்களும் முறையாகப் பழகிக்கொண்டு நடத்தலாம் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டது. கையேடுகள் 2022இல் வெளிவந்தன.

ஏன் சுருக்கக் கூடாது? ஒவ்வொரு வகுப்பிலும் சில உத்திகளைத்தான் சொல்லித் தருகிறார்கள். வீட்டில் ஒரு வாரம் செய்து பார்க்க வேண்டும். அடுத்த வகுப்பு தொடங்குவதே "வீட்ல என்ன ஆச்சு?" என்ற பேச்சோடுதான். ஒரே ஞாயிற்றுக்கிழமை இரண்டு வகுப்பை அடுக்கினால் ஏழெட்டு உத்தியோடு வீட்டுக்குப் போவார்கள், ஒன்றையும் செய்து பார்க்க மாட்டார்கள். சுருக்க நினைப்பவர்கள் முதலில் கை வைப்பதும் தவறான இடத்தில்தான். தொடக்கத்தில் வரும் "பிள்ளையோடு சேர்ந்து விளையாடுவது" வகுப்புகளை வெட்டிவிட்டு, பெற்றோர் ஆவலாகக் கேட்கும் "அடம் பிடித்தால் என்ன செய்வது" வகுப்புக்குத் தாவுகிறார்கள். பிள்ளைக்கு நம்மோடு இருக்கப் பிடிக்க வேண்டும், கேட்க வேண்டியதைக் கேட்க ஒரு வழி இருக்க வேண்டும். இவை இரண்டும் இல்லாமல் அடத்தைக் குறைக்கும் உத்தி எதுவும் நிற்காது. அதனால்தான் நடத்தை பற்றிய பாடம் பின்னால் வருகிறது.

மாற்றக்கூடியவை நிறைய. வாரம் ஒன்று என்பதை இரண்டு வாரத்துக்கு ஒன்று ஆக்கலாம். ஆனால் இடையில் ஒரு தொலைபேசி அழைப்பு கட்டாயம். மண்டபத்துக்குப் பதில் தமிழ்ப்பள்ளி வகுப்பறை, அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறை எதுவும் போதும். கையேட்டில் வரும் குடும்பக் கதைகளில் பெயர், உணவு, வீடு எல்லாவற்றையும் நம் பக்கத்துக்கு மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும். முற்றம் வைத்த வீட்டுப் படத்தைக் காட்டினால், பதினைந்தாம் மாடியில் இருப்பவர் "இது நமக்கில்லை" என்று முடிவு செய்துவிடுவார். தொடக்கூடாதவை நான்கு: நடத்துநர் செய்து காட்டுவது, பெற்றோர் இருவர் இருவராகப் பழகிப் பார்ப்பது, "இந்த வாரம் எப்போது, எந்த வேலையில், எதைச் செய்வேன்" என்ற வீட்டுத் திட்டம், வீட்டு வருகை. நேரம் போதாதபோது இந்த நான்கும்தான் முதலில் காணாமல் போகும், விளக்கவுரை மட்டும் முழுதாக நிற்கும். எங்களைக் கேட்டால் தலைகீழாகச் செய்வதே நல்லது.

உரிமம் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். கையேடுகளை வணிக நோக்கமில்லாமல் மொழிபெயர்க்கவும் மாற்றியமைக்கவும் அனுமதி உண்டு. அந்நிறுவனத்தின் சின்னத்தை உங்கள் தாளில் போடக் கூடாது. மொழிபெயர்ப்பு அவர்கள் செய்ததல்ல என்ற குறிப்பு இருக்க வேண்டும். நீங்கள் செய்ததையும் அதே உரிமத்தில்தான் பிறருக்குத் தர வேண்டும். கையேட்டைப் படித்துவிட்டு நேராக மேடை ஏறவும் வேண்டாம். பேச்சுப் பயிற்சியாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், ஆரம்பகால இடையீட்டு மைய ஆசிரியர் என்று அனுபவமுள்ள ஒருவர் மேற்பார்க்க, நடத்துநர்கள் முதலில் இரண்டு மூன்று குடும்பங்களோடு ஒரு சுற்று பழகட்டும்.

கேள்வி: ஆங்கிலக் கையேட்டை மொழிபெயர்த்து, தமிழாசிரியர் ஒருவரிடம் பிழை திருத்தியும் வாங்கினோம். முதல் வகுப்பிலேயே தாய்மார்கள் விழித்தார்கள். எங்கே தவறு?
— பாலர்பள்ளி ஆசிரியை, பிறை

பதில்: இலக்கணம் சரியாகத்தான் இருந்திருக்கும். தவறு சொல் தேர்வில்.

"பராமரிப்பாளர்" என்று எழுதியிருப்பீர்கள். நம்மவர் காதில் அது சம்பளத்துக்கு வைத்த ஆள். "பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர்" என்றால் அம்மாவும் பாட்டியும் சித்தப்பாவும் அதற்குள் வந்துவிடுவார்கள். "ஈடுபாடு" கோயில் காரியத்துக்குச் சொல்லும் சொல்லாகிவிட்டது. "ரெண்டு பேரும் ஒரே விஷயத்துல சேர்ந்து இருக்கிறது" நீளம்தான், ஆனால் புரியும். "தினசரி நடைமுறைகள்" என்பதற்குப் பதில் "குளிக்கிறது, பசியாறுறது, துணி மாத்துறது" என்று வேலையின் பெயரையே சொல்லுங்கள். "சேட்டை", "கொழுப்பு" போன்ற சொற்கள் குற்றத்தைப் பிள்ளை தலையில் வைத்துவிடும். "சவாலான நடத்தை" அரசாங்கக் கடிதம் மாதிரி இருக்கும். "கஷ்டம் கொடுக்கிற நடத்தை" போதும். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ செய்த மொழிபெயர்ப்பு கையில் கிடைத்தாலும் அப்படியே எடுக்காதீர்கள். அங்கன்வாடி என்றால் இங்கே மலேசியாவில் யாருக்கும் தெரியாது, தாடிகா (மலாயில் பாலர்பள்ளி) என்றால் அங்கே யாருக்கும் தெரியாது.

பாராட்டு தனிக் கதை. கையேடு "பிள்ளை செய்ததும் உற்சாகமாகப் பாராட்டுங்கள்" என்கிறது. நம் வீடுகளில் பிள்ளையை முகத்துக்கு நேரே புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்று தயங்குகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அது மூடநம்பிக்கை என்று வகுப்பெடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். பிள்ளையைப் புகழாமல் செயலைச் சொல்லச் சொல்லுங்கள்: "தட்ட எடுத்து வெச்சிட்ட!", "சப்பாத்து நீயே போட்டுக்கிட்ட!" திருஷ்டிக்கு அதில் இடமில்லை. அது மட்டுமல்ல, "கெட்டிக்காரன்" என்று பொதுவாகச் சொல்வதைவிட இதுவே பயிற்சிக்கும் பொருத்தம். எதற்காகச் சந்தோஷப்படுகிறார்கள் என்று பிள்ளைக்கு விளங்கிவிடுகிறது.

சோதிக்கும் முறை இது. மூன்று தாய்மாரிடம் ஒரு வரியை வாசித்துக் காட்டுங்கள். "புரிஞ்சதா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காக எல்லாரும் தலையாட்டுவார்கள். "இதக் கேட்டுட்டு நாளைக்குக் காலைல வீட்ல என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் செயலும் கையேடு சொல்லும் செயலும் ஒன்றாக இல்லாவிட்டால் அந்த வரியைத் திருப்பி எழுதுங்கள்.

இன்னொன்று: மலாய்வழித் தேசியப்பள்ளியில் படித்த இளம் பெற்றோர் பலருக்குத் தமிழ் சரளமாகப் பேச வரும், வாசிக்க வராது. வெட்கத்தில் சொல்லவும் மாட்டார்கள். வகுப்பில் யாரையும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லாதீர்கள். வீட்டுக்குக் கொடுக்கும் தாள் ஒரு பக்கம், பெரும்பாலும் படம். கூடவே இரண்டு நிமிடக் குரல்பதிவு.

கேள்வி: நானும் கணவரும் ஷிஃப்ட் வேலை. பகலில் பிள்ளையைப் பார்ப்பது மாமியார். பயிற்சிக்கு நான் போய்வந்து சொன்னால், "இவன் அப்பனே நாலு வயசுலதான் பேசினான், சும்மா இரு" என்கிறார். வகுப்பால் என்ன பயன்?
— தாய், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: வகுப்புக்குப் போக வேண்டியவர் அவர். சேர்க்கைத் தாளில் "தாய் / தந்தை" என்று அச்சடித்துவிட்டு, பாட்டி ஒத்துழைக்கவில்லை என்று சொல்வது நடத்துகிறவர்களின் பிழை. "பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் அதிக மணி நேரம் யாரோடு இருக்கிறது?" என்று கேட்டு, அவர் பெயரை முதலில் எழுத வேண்டும். ஒரு குடும்பத்துக்கு இரண்டு நாற்காலி வைத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

"அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்ற பேச்சை எதிர்த்து ஜெயிக்க முடியாது. மருமகள் வாயால் என்றால் நிச்சயம் முடியாது. வீட்டுக்கு வரும் நடத்துநர் இப்படிச் சொல்லட்டும்: "சரிங்க பாட்டி, பேச்சு வரப்ப வரட்டும். அதுவரைக்கும் வேணுங்கிறத கைகாட்டிக் கேக்கப் பழக்குவோமா?" இதற்கு எந்தப் பாட்டியும் மறுப்புச் சொல்வதில்லை. மருத்துவப் பரிசோதனையை மட்டும் இதைச் சொல்லித் தள்ளிப்போடக் கூடாது. அது தனியாக நடக்கட்டும்.

அவர் தினமும் செய்கிற ஒரு வேலையிலேயே தொடங்க வேண்டும். தோசை ஊட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வீடுகளில் கைப்பேசியில் பாட்டு ஓடும், பிள்ளை திரையைப் பார்த்தபடி வாயைத் திறக்கும், பாட்டி பக்கவாட்டில் இருந்து ஊட்டுவார். தட்டு காலியாகும், இருவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க மாட்டார்கள்.

மாற்றம் சிறியது. முதல் நாலு வாய்க்கு மட்டும் கைப்பேசி அலமாரிக்குள். பாட்டி எதிரில், பிள்ளையின் கண்மட்டத்துக்கு வருகிற மாதிரி முக்காலியில். ஒரு துண்டைப் பிட்டுத் தன் கன்னத்தருகே பிடித்துக்கொண்டு, பேசாமல், மனதுக்குள் ஐந்து வரை எண்ண வேண்டும். பிள்ளை பார்த்தாலும் சரி, கை நீட்டினாலும் சரி, "ம்" என்றாலும் சரி, அந்த நொடியே கொடுத்து ஒரே ஒரு சொல்: "தோசை." ஐந்து எண்ணியும் ஒன்றும் வரவில்லையா? அப்போதும் அதே சொல்லோடு கொடுத்துவிட வேண்டும். சாப்பாட்டைப் பிணையாக வைத்துப் பேச்சு வாங்கக் கூடாது. நாலு வாய் முடிந்ததும் மீதியை எப்போதும் போல ஊட்டட்டும்.

பிசகும் இடங்கள் இரண்டு. ஒன்று, அந்த ஐந்து நொடி. பெரியவர்களுக்கு அது ஐந்து நிமிடமாகத் தெரியும், இரண்டிலேயே வாய் திறந்துவிடுவார்கள். இரண்டு, "தோசைன்னு சொல்லு, சொல்லு, பாட்டிக்குச் சொல்லு" என்ற பரீட்சை. கேள்வி கேட்டுக் கேட்டுப் பேச வைப்பது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். பேச்சு வராத பிள்ளை அதில் தினமும் தோற்கிறது, பிறகு நம் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறது. கேட்பதைக் குறைத்து, பிள்ளை பார்க்கிற பொருளின் பெயரைச் சொன்னால் போதும்.

நடத்துநர்களுக்கு ஒரு வார்த்தை: இருபத்தைந்து வயதுப் பெண் அறுபத்தைந்து வயதுப் பாட்டியைத் திருத்துவது நம் ஊரில் எடுபடாது. முதலில் நீங்களே செய்யுங்கள், வேண்டுமென்றே இரண்டு நொடியில் வாய் திறந்துவிடுங்கள். "அவசரப்பட்டுட்டியேம்மா" என்று பாட்டியே பிடிப்பார். அதன்பின் அவர் செய்யும்போது ஐந்தும் எண்ணுவார்.

கேள்வி: வீட்டில் தமிழ், தாடிகாவில் மலாய், சிகிச்சை மையத்தில் ஆங்கிலம். ஒரே மொழியில் பேசுங்கள் என்று சொல்கிறார்கள். ஆங்கிலத்துக்கு மாறிவிடலாமா?
— தந்தை, ஜாலான் ஈப்போ

பதில்: வேண்டாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிலும் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளிலும் இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு மேலும் தாமதமாவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பாட்டிக்கு ஆங்கிலம் வராது. அவர் வாயை அடைத்தால் பிள்ளை கேட்கும் மொத்தப் பேச்சும் குறையும். தட்டுத் தடுமாறிப் பேசும் மொழியில் கொஞ்சலும் வராது, விளையாட்டும் வராது. வீட்டார் தங்களுக்குச் சரளமான மொழியிலேயே பேசட்டும். அன்றாடம் வேண்டிய பத்துப் பதினைந்து சொற்களை, தண்ணீர், போதும், இன்னும், வலி, சிறுநீர் போன்றவற்றை, மூன்று மொழியிலும் ஒரு தாளில் எழுதி ஆசிரியரிடமும் சிகிச்சையாளரிடமும் கொடுங்கள். பிள்ளை "தண்ணி" என்றால் அது ஒரு சொல் என்று அவர்களும் கணக்கில் எடுப்பார்கள்.

கேள்வி: பன்னிரண்டு குடும்பங்களோடு தொடங்கினோம். மூன்றாம் வாரம் ஐந்து, ஐந்தாம் வாரம் இரண்டு. பாடம் பிடிக்கவில்லையா?
— தன்னார்வலர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: பாடத்தைக் குறை சொல்லுமுன் பிள்ளைகளை எங்கே உட்கார வைத்தீர்கள் என்று பாருங்கள். வகுப்பின் பின்வரிசையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்கச் சொன்னால், தாய் அன்று கேட்டது ஒன்றுமிருக்காது. பிள்ளை கத்தியதும் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அடுத்த வாரம் அவர் வரமாட்டார். காரணம் கேட்டால் "காய்ச்சல்" என்பார்.

பன்னிரண்டு குடும்பம் அதிகம். ஆறிலிருந்து எட்டு வரை போதும், நடத்துநர் இருவர். பக்கத்திலேயே பிள்ளைகளுக்கு ஓர் அறை. இரண்டு பிள்ளைக்கு ஒருவர் என்று ஆள் வேண்டும், ஓடிவிடும் பிள்ளைக்குத் தனியாக ஒருவர். கதவுத் தாழ்ப்பாள் பெரியவர் கை எட்டும் உயரத்தில். மின்விசிறி இருக்கட்டும், ஒலிபெருக்கி வேண்டாம். விளையாட்டுப் பொருளுக்குச் செலவே இல்லை: காலி மிலோ டப்பாக்கள், மூடிகள், துணிக் கிளிப்புகள், ஒரு பெரிய அட்டைப்பெட்டி, சோப்பு நுரைக் குமிழி. பலூன் வெடிக்கும் சத்தத்துக்குப் பயந்து ஒரு பிள்ளை அலறினால் அன்றைய வகுப்பு முடிந்தது. பலூனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சுவரில் ஒரு தாள் ஒட்டி, எந்தப் பிள்ளைக்கு எது ஒவ்வாது, யாருக்கு வலிப்பு உண்டு, யாருக்கு வேர்க்கடலை கூடாது என்று எழுதி வையுங்கள்.

நேரத்துக்கு வருவோம். சனிக்கிழமை காலை தோதாகத் தெரியும், ஆனால் ஆலையில் மூன்று ஷிஃப்ட் ஓடும் ஊரில் அது சிலருக்குத் தூக்க நேரம். குடும்பங்களைச் சேர்க்கும்போதே ஷிஃப்ட் அட்டவணையைக் கேட்டுக்கொண்டு, அதன்பின் நாளைக் குறியுங்கள். தைப்பூசம், தீபாவளி, பள்ளி விடுமுறை, மூன்றையும் முன்கூட்டியே நாட்காட்டியில் அடித்துவிடுங்கள்; தைப்பூச வாரத்தில் பினாங்கில் எந்தத் தமிழ்க் குடும்பமும் வகுப்புக்கு வராது. மோட்டாரில் மூன்று பேர் வருகிற குடும்பம் மழைநாளில் வராது. காடி வைத்திருப்பவர் யார் எந்த வழியாக வருகிறார் என்று கேட்டு இணைத்துவிடுங்கள்.

ஒரு வகுப்பைத் தவறவிட்டவர் அடுத்த வாரம் வர வெட்கப்படுவார். அதனால் தவறவிட்ட 48 மணி நேரத்துக்குள் அழையுங்கள். "ஏன் வரலை?" என்று தொடங்காமல், "போன வாரம் நடந்தத பத்து நிமிஷத்துல சொல்லிடுறேன், நேரமிருக்கா அக்கா?" என்று கேளுங்கள். வருகைப் பதிவை எல்லார் முன்னாலும் வாசிக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

அப்பாக்களைப் பற்றி ஒரு துணைக்குறிப்பு. வட்டமாக உட்கார்ந்து மனம் விட்டுப் பேசச் சொன்னால் அவர்கள் வாசலிலேயே நிற்பார்கள். பொருள் செய்யும் வேலை, படம் ஒட்டிய அட்டவணை, கதவுத் தாழ்ப்பாள், குறைந்த உயர மேசை, இப்படி ஏதாவது கையில் கொடுத்தால் உள்ளே வந்துவிடுகிறார்கள். பேச்சும் அப்போது தானாக வரும்.

கேள்வி: வீட்டு வருகைக்கு ஆள் பற்றாக்குறை. வாட்ஸ்அப் காணொளி போதுமா?
— மைய ஒருங்கிணைப்பாளர், ஆயர் ஈத்தாம்

பதில்: முதல் வருகையாவது நேரில் இருக்கட்டும். மேசை எங்கே, தொலைக்காட்சி எந்நேரமும் ஓடுகிறதா, பிள்ளை தரையில் விளையாட இடமிருக்கிறதா என்பதெல்லாம் காணொளியில் தெரியாது. சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருப்பது வெளியில் தெரியக் கூடாது என்று சிலர் வருகையை மறுப்பார்கள். அவர்களை வற்புறுத்தாமல் மையத்திலேயே ஓர் அறையில் சந்தியுங்கள்.

மற்ற இரண்டுக்கும் காணொளி உதவும். மூன்று முதல் ஐந்து நிமிடம், ஒரே வேலை, வெட்டாமல் எடுத்தது. கைப்பேசியைக் கையில் பிடிக்க வேண்டாம். அரிசி டின்னில் சாய்த்து, பிள்ளையும் பெரியவரும் இருவருமே படத்தில் வரும்படி வையுங்கள். பிள்ளையை மட்டும் எடுத்தனுப்புவது பொதுவாக நடக்கும் பிழை. நாம் பார்க்க வேண்டியது பெரியவர் என்ன செய்கிறார் என்பதை. குளியல், துணி மாற்றும் காணொளி ஒருபோதும் வாங்காதீர்கள். குழுவில் போடாமல் நடத்துநருக்கு மட்டும் தனியாக அனுப்ப வேண்டும், பேசி முடித்ததும் இரு பக்கமும் அழிக்க வேண்டும். இதை எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். கருத்துச் சொல்லும்போது நன்றாக வந்த இரண்டு இடத்தை நிமிடக் கணக்கோடு சொல்லி, மாற்ற ஒரே ஒன்றைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐந்து வயது மகன் அடிக்கிறான், கடிக்கிறான். "ரெண்டு போட்டா சரியாகிடும்" என்கிறார்கள் உறவினர்கள். பயிற்சியில் சொன்ன "கண்டுகொள்ளாமல் விடு" வேலை செய்யவில்லை.
— தாய், கெப்போங்

பதில்: பேச்சில்லாத பிள்ளைக்கு அடியும் கடியும் ஒரு வாக்கியம். இரண்டு போட்டால் அன்றைக்கு நிற்கும், வாக்கியம் அப்படியே இருக்கும். பெரியவர்கள் சண்டையை எப்படி முடிக்கிறார்கள் என்பதையும் கூடவே கற்றுக்கொள்வான். "கண்டுகொள்ளாமல் விடு" எல்லா அடிக்கும் மருந்தல்ல. அது நம் கவனத்துக்காக அடிக்கும்போது மட்டும் பொருந்தும். பிடிக்காத வேலையிலிருந்து தப்பிக்க அடிக்கிறான் என்றால், விட்டுவிட்டால் அவன் கேட்டதே கிடைத்துவிடுகிறது.

ஒரு வாரம் தாளை மூன்று பத்தியாக மடித்து எழுதுங்கள்: அடிக்கு முன் என்ன நடந்தது, என்ன செய்தான், அடுத்த நொடி அவனுக்கு என்ன கிடைத்தது. "கோபம் வந்தது" என்று எழுதாதீர்கள். "கைப்பேசியை வாங்கினேன் – கையைக் கடித்தான் – திருப்பிக் கொடுத்தேன்" என்று எழுதுங்கள். ஏழெட்டு வரி சேர்ந்ததும் மூன்றாம் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். பொருளா, தப்பித்தலா, நம் கவனமா, உடம்புக்கு வேண்டிய ஏதோ ஓர் உணர்வா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கைப்பேசிதான் காரணம் என்று வைத்துக்கொள்வோம். திடீரென்று பிடுங்காமல், முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது மணல் கடிகாரமோ சமையல் மணியோ காட்டி, அடுத்து வருகிற பிடித்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். "இன்னும்" என்று கேட்க உள்ளங்கையைத் தட்டும் சைகையை, அவன் அமைதியாக இருக்கும் நேரத்தில், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பழக்குங்கள். தொடக்கத்தில் அந்தச் சைகை காட்டினால் ஒவ்வொரு தடவையும் கொடுத்தே ஆக வேண்டும். அடியைவிடச் சைகை சீக்கிரம் பலிக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். காத்திருக்கப் பழக்குவது அதற்குப் பிறகுதான். முதல் சில நாள் அடி கூடலாம். பழைய வழி பலிக்காதபோது இன்னும் உரக்கச் சொல்லிப் பார்ப்பது மனித இயல்பு. அந்த நாட்களில்தான் வீடுகள் கைவிடுகின்றன, ஆகவே இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

திடீரென்று தொடங்கிய நடத்தை என்றால் முதலில் டாக்டர்: பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், தூக்கமின்மை, வலிப்பு. தலையை மோதிக்கொள்வதும் ரத்தம் வரக் கடிப்பதும் குழு வகுப்பில் தீர்க்கும் விஷயமல்ல, நிபுணரிடம் அனுப்ப வேண்டும். அம்மாவுக்கே "இவனை ஏதாவது செய்துவிடுவேனோ" என்ற பயம் வந்தால் அரசாங்க உதவித் தொலைபேசியான தாலியான் காசே 15999 எண்ணை அழைக்கலாம். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

கேள்வி: பயிற்சியில் சேர ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டை வேண்டுமா? அட்டை எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடாதா?
— தாய், கம்போங் பண்டான்

பதில்: பயிற்சிக்கு அட்டையும் வேண்டாம், நோய்ப்பெயரும் வேண்டாம், வளர்ச்சியில் பின்தங்கல் இருந்தாலே சேரலாம். அட்டை கேட்டுத்தான் சேர்ப்போம் என்று மையங்கள் சொல்வது தவறான மாற்றியமைப்பு. உதவி அதிகம் தேவைப்படும் சின்னப் பிள்ளைகளை அது வெளியே நிறுத்திவிடும்.

ஆனாலும் எடுத்து வைப்பது நல்லது. அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தோடு தொடங்குங்கள். பரிந்துரை அங்கிருந்து மருத்துவமனைக்குப் போகும். பதிவு சமூகநல இலாகாவில், விருப்பத்தின்பேரில், கட்டணமில்லாமல். விண்ணப்பத்தில் டாக்டர் நிரப்ப வேண்டிய பகுதி உண்டு. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், கவனக்குறைவு மிகையியக்கம் (ADHD) எல்லாம் "கற்றல் குறைபாடு" பிரிவில் வரும். 3 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவான வளர்ச்சித் தாமதமும் அதிலேயே. அரசாங்கத்தின் சமூக மறுவாழ்வு மையங்களான பிடிகே, தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றிலும் இருக்கும் சிறப்புக் கல்வி வகுப்பு இரண்டுக்கும் இது வழியை எளிதாக்கும். வருமான வரி கட்டுபவருக்கு 2025 மதிப்பீட்டு ஆண்டில் மாற்றுத்திறனுள்ள பிள்ளைக்கான கழிவு 8,000 ரிங்கிட். அட்டை உங்கள் பணப்பையில்தான் இருக்கும். பிள்ளையின் நெற்றியில் யாரும் ஒட்டப் போவதில்லை.

கேள்வி: பயிற்சி பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நன்கொடையாளர்கள் "எத்தனை பிள்ளை பேசியது?" என்று கேட்கிறார்கள்.
— சங்கச் செயலாளர், பட்டர்வொர்த்

பதில்: ஒன்பது வகுப்பில் பேச்சை வாக்குக் கொடுக்காதீர்கள். முதலில் மாறுவது பெரியவர், அதைத்தான் எண்ண வேண்டும். வகுப்பு தொடங்குமுன் ஐந்து நிமிட விளையாட்டுக் காணொளி ஒன்று, முடிந்ததும் அதே பொருட்களோடு அதே அறையில் இன்னொன்று. இரண்டிலும் மூன்று எண்ணிக்கை: பெரியவர் எத்தனை கேள்வி கேட்டார், பிள்ளை பார்த்ததை அல்லது செய்ததை எத்தனை முறை பெயரிட்டார், பிள்ளை தானாக எத்தனை முறை பார்வையாலோ கையாலோ சத்தத்தாலோ ஏதாவது தொடங்கியது. முதல் எண் இறங்கி மற்ற இரண்டும் ஏறினால் பயிற்சி வேலை செய்கிறது. எண்ணுபவர் அந்தக் குடும்பத்தின் நடத்துநராக இருக்கக் கூடாது. எது முன்பு எடுத்தது, எது பின்பு எடுத்தது என்றும் அவருக்குச் சொல்லாதீர்கள்.

பார்த்துக்கொள்பவரின் தூக்கம், மனச்சோர்வு பற்றியும் தொடக்கத்திலும் முடிவிலும் நாலைந்து கேள்வி கேளுங்கள். "உங்களுக்காக ஏதாவது செஞ்சுக்கிறீங்களா?" என்று கேட்டால் "எனக்கென்ன" என்பார்கள். "நேத்து ராத்திரி எத்தனை மணி நேரம் படுத்தீங்க?" என்று கேட்டால் பதில் வரும்.

கூடவே ஒரு நோட்டுப் புத்தகம். நீங்கள் மாற்றிய ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதுங்கள்: எதை மாற்றினோம், ஏன், யார் கேட்டு, மாற்றியபின் என்ன ஆனது. "5ஆம் வகுப்பு: பொம்மைத் தேநீர் விளையாட்டுக்குப் பதில் தோசை சுடும் விளையாட்டு. காரணம்: பாட்டிகள் மூவர் பொம்மையைத் தொடவில்லை." இந்த அளவு போதும். அடுத்த ஆண்டு நடத்தப்போகும் ஆள் மாறியிருப்பார். அவருக்கு இந்த நோட்டு வேண்டும்.